எபென்ல டீம் நடத்துற நம்ம ஊரு மேனேஜர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க.

இதை ஒரு குறிப்பிட்ட கம்பெனிய மனசுல வச்சு எழுதல, அதனால எந்த ஆபீஸ்னு யாரும் தேட வேண்டாம். மொரிஷியஸ் தீவுல ஐடி ஆபீஸ்கள் இருக்கிற எபென் சைபர் சிட்டி டவர்கள்லயும், தலைநகர் போர்ட் லூயிஸ்லயும் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர்லேர்ந்து வந்து டீம் நடத்துற தமிழ் மேனேஜர்கள், லீடுகள், டெலிவரி ஹெட்கள் உங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இந்த மடல். நானும் உங்களை மாதிரி வேலை பெர்மிட்ல வந்து மொரிஷியஸ்ல வேலை பார்க்கிறவதான். டெஸ்டிங் டீம். வீட்டுக்காரருக்கு வேற ஆபீஸ், ஸ்கூல் போற பொண்ணு ஒருத்தி, காத்ர் போர்ன் டவுன்ல வாடகை வீடு.

உங்ககிட்ட கேக்க வந்தது ஒண்ணே ஒண்ணுதான். நம்ம ஊரு ஆளுங்கங்கிற உரிமையில எங்க சாயங்காலத்தை எடுத்துக்காதீங்க. இதை ஆபீஸ் மீட்டிங்ல சொன்னா "ஏம்மா, நமக்குள்ள என்ன கணக்கு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவீங்க, அதனாலதான் உக்காந்து முழுசா எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல கடிகாரத்தைப் பார்ப்போம், ஏன்னா பிரச்சினை பாதி அங்கதான் இருக்கு. நமக்கும் இந்தியாவுக்கும் ஒண்ணரை மணி நேரம் வித்தியாசம், அவங்க முன்னாடி. ஹெட் ஆபீஸ்ல காலைல ஒம்பதரைக்கு லாகின் பண்ணி ஸ்டாண்டப் கால் (டீமோட தினசரி சின்ன மீட்டிங்) போட்டா இங்க மணி 8. சரி, அது பரவால்ல, காலைல சீக்கிரம் வந்துடலாம். ஆனா நம்ம கிளையண்ட் பாதிப் பேரு பிரான்ஸ்ல. அவங்க நமக்குப் பின்னாடி, வெயில் காலத்துல 2 மணி நேரம், குளிர்காலத்துல 3 மணி நேரம். அவங்க மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமையும் அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமையும் கடிகாரத்தை மாத்துவாங்க, மொரிஷியஸ் மாத்தாது (2008-ல ஒரு தடவை இங்கயும் மாத்திப் பார்த்தாங்க, அடுத்த வருஷமே வேணாம்னு விட்டுட்டாங்க). ஆக நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் பாரிஸ்ல சாயங்காலம் 6 மணிக்கு ஒருத்தர் கடைசியா ஒரு மெயில் போட்டுட்டுக் கிளம்புறார்னா இங்க ராத்திரி 9. காலைல 8, ராத்திரி 9. மொத்தம் 13 மணி நேரம். இதை எந்த மேனேஜரும் உக்காந்து பிளான் பண்ணல, எனக்கும் தெரியும். இந்தியாக்காரங்க அவங்க நேரத்துக்கு வேலை பார்க்கிறாங்க, பிரெஞ்சுக்காரங்க அவங்க நேரத்துக்கு வேலை பார்க்கிறாங்க, ரெண்டு பேரும் நியாயமாத்தான் நடந்துக்கறாங்க, நடுவுல இருக்கிற நாம மட்டும் ரெண்டு பேரோட நாளையும் சேர்த்து வாழ்றோம்.

இதுல இன்னொண்ணையும் கவனிங்க. அந்த 3 மணி நேர வித்தியாசம் வர்ற மாசங்கள்தான் இங்க முக்கியமான மாசங்கள். புள்ளைங்களுக்கு பெரிய லீவு, கிறிஸ்துமஸ், வருஷப் பொறப்பு, பொங்கல், தைப்பூசக் காவடி, எல்லாம் அப்பதான். புயல் சீசனும் அப்பதான். வீட்ல எப்ப ஆள் வேணுமோ அப்பதான் நாள் ஒரு மணி நேரம் கூடுதலா நீளுது.

இதுக்குத் தீர்வு இல்லாம இல்ல. ரெண்டு ஷிஃப்ட் போடலாம். பாதிப் பேரு 8-லேர்ந்து 5, பாதிப் பேரு 12-லேர்ந்து 9, நடுவுல 5 மணி நேரம் எல்லாரும் ஒண்ணா இருப்போம், மீட்டிங் எல்லாம் அந்த நேரத்துல வச்சிக்கலாம். ஸ்கூல்ல படிக்கிற புள்ளைக்கே புரியிற கணக்குதான் இது. அப்புறம் ஏன் செய்யறதில்லன்னா, ஷிஃப்ட்னு எழுத்துல போட்டா அது சட்டத்துக்குள்ள வந்துடும். இங்க 2019-ல வந்த தொழிலாளர் உரிமைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை, அதுக்கு மேல போனா ஒண்ணரை மடங்கு, அரசு விடுமுறைல ரெண்டு மடங்கு. ராத்திரி ஷிஃப்ட்னா அதுக்குத் தனி அலவன்ஸ். அதே வேலைய "ஒரு சின்ன கால், பத்து நிமிஷம், ஜாயின் பண்ணிடும்மா"ன்னு வாட்ஸ்அப்ல கேட்டா அது எந்தக் கணக்குலயும் வராது.

அந்த வாட்ஸ்அப் மெசேஜ் யாருக்கு வருதுன்னு பாருங்க. அதைத்தான் நான் இங்க பேச வந்தேன்.

டீம்ல மொரிஷியஸ்காரங்க இருக்காங்க, நாம இருக்கோம். சாயங்காலம் அஞ்சேகாலுக்கு அவங்க பையைத் தூக்கிட்டு மெட்ரோவுக்கோ பஸ்ஸுக்கோ போயிடுவாங்க. போறதுக்குக் காரணமும் இருக்கு, இந்த ஊர்ல ஏழு மணிக்கு மேல நிறைய ரூட்ல பஸ் கிடைக்கிறது கஷ்டம், கிராமத்துப் பக்கம் வீடுன்னா சுத்தமா மாட்டிக்குவாங்க. அவங்ககிட்ட ராத்திரி எட்டு மணிக்கு கால் போடச் சொல்ல உங்களுக்கே தயக்கம் இருக்கு. முதல்ல எச்ஆர்கிட்ட கேக்கணும், ஓவர்டைம் ஃபார்ம் போடணும், அந்தப் பொண்ணு நேரா "நோ"ன்னு சொல்லிடும், அதுவும் மூஞ்சில சிரிப்போட சொல்லும். அதனால அங்க கேக்க மாட்டீங்க. எங்ககிட்ட கேப்பீங்க. எங்ககிட்ட கேக்கும்போது மேனேஜரா கேக்க மாட்டீங்க, அண்ணனா கேப்பீங்க. "நம்ம பசங்களை நம்பித்தான்டா இந்த ப்ராஜெக்டை எடுத்தேன்." "லோக்கல்ஸுக்கு கமிட்மென்ட் கிடையாது, உனக்குத் தெரியாததா." "உன்னைத் தவிர வேற யாருகிட்ட நான் கேக்க முடியும் சொல்லு."

இப்படிக் கேட்டா யாரால முடியாதுன்னு சொல்ல முடியும்? இந்த ஊருக்கு வந்து இறங்கினப்போ ஏர்போர்ட்ல கூட்டிட்டுப் போக வந்தது நீங்க, வீடு பார்த்துக் குடுத்தது நீங்க, முதல் வாரம் எங்களுக்குச் சாப்பாடு குடுத்தது அக்கா. அதையெல்லாம் மறக்க முடியுமா, நிஜமாவே நன்றி இருக்கு, இன்னிக்கும் இருக்கு. ஆனா அந்த நன்றிய ராத்திரி ஒம்பது மணி வேலையில கழிச்சிக்கறது நியாயம் கிடையாது. ஒரு வேளை சோறு போட்டதுக்கு எத்தனை வருஷம் ஓவர்டைம் பார்க்கணும்? கேக்கும்போதே எனக்கு வலிக்குது, ஏன்னா அந்த சோறு அன்போட போட்ட சோறுதான், அதை நீங்க ஒரு நாளும் சொல்லிக் காட்டினதில்ல. அதனாலதான் இன்னும் கஷ்டம். சொல்லிக் காட்டுற ஆளா இருந்தா எதிர்த்துப் பேசிட்டுப் போயிடலாம்.

லோக்கல்ஸுக்கு கமிட்மென்ட் இல்லன்னு சொல்றீங்களே, அதை மட்டும் தயவுசெஞ்சு இனிமே சொல்லாதீங்க. எங்க டீம்ல இந்த ஊர்க்காரப் பொண்ணுங்க 8 மணி நேரத்துல முடிக்கிற வேலைய நாங்க 11 மணி நேரத்துல முடிக்கிறோம், அதுதான் நிஜம். அவங்க மத்தியானம் ஃபோன் நோண்ட மாட்டாங்க, ரெண்டு தடவை டீ குடிக்கப் போக மாட்டாங்க, ஏன்னா அஞ்சு மணிக்குக் கிளம்பணும். நமக்குத்தான் எப்படியும் ராத்திரி வரைக்கும் இருக்கப் போறோமேன்னு தெரியும், அதனால வேலை தானா அந்த நேரத்துக்கு நீண்டுக்கும். உக்காந்திருக்கிறதை உழைப்புன்னு நம்பி நம்பி நாம பழகிட்டோம்.

உக்காந்திருக்கிறதைப் பத்திப் பேசினா நம்ம ஊருப் பேச்சும் ஞாபகம் வருது. 2023 அக்டோபர்ல நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் வேலை பார்க்கணும்னு சொன்னார். 2025 ஜனவரில எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90 மணி நேரம்னார், ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட வேலை வாங்க முடியலையேன்னு வருத்தப்பட்டார், வீட்ல உக்காந்து பொண்டாட்டிய எவ்வளவு நேரம் பார்த்துட்டு இருப்பீங்கன்னும் கேட்டார். அந்த வீடியோ நம்ம ஆபீஸ் குரூப்புலயும் சுத்துச்சு, சிலர் கேலி பண்ணாங்க, சிலர் "அவரு சொல்றதுலயும் பாயிண்ட் இருக்கு"ன்னாங்க. எனக்கு அதுல ஒரு பாயிண்டும் தெரியல. வீட்ல இருக்கிற நேரம் யாரையாவது பார்த்துட்டு சும்மா இருக்கிற நேரமா? காய் நறுக்குறது யாரு, ஹோம்வொர்க் சொல்லிக் குடுக்குறது யாரு, ஊர்ல இருக்கிற அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்துச்சான்னு ஃபோன் பண்ணிக் கேக்குறது யாரு? இதெல்லாம் வேலைதான், இதுக்கு டைம்ஷீட் இல்ல, அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிறவங்களுக்கு, 35-லேர்ந்து 40 மணி நேரம் பார்க்கிறவங்களை விட பக்கவாதம் வர்ற ஆபத்து சுமார் 35% கூட, இதய நோய்ல சாகுற ஆபத்து 17% கூட. 2016-ல மட்டும் உலகம் முழுக்க 7,45,000 பேர் இப்படி நீண்ட நேர வேலையால செத்தாங்கன்னு அவங்க மதிப்பீடு. நம்ம 13 மணி நேரத்துல சாப்பாடு, டீ, பஸ் எல்லாத்தையும் கழிச்சு 11 மணி நேரம்னு வச்சாலும் அஞ்சு நாளைக்கு 55 வந்துடுது. அந்த கோட்டு மேலயே நிக்கிறோம். நம்ம ஜாதகத்துலயும் சுகரும் பிரஷரும் ஏற்கனவே வரிசையில நிக்குது, உங்களுக்கும்தான் அண்ணா, உங்களுக்கும்தான்.

சட்டம் இருக்கே, எச்ஆர்கிட்ட போக வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. ஆனா சட்டத்துல ஒரு ஓட்டை இருக்கு. 2019-ல அந்தச் சட்டம் வந்தப்போ வருஷ அடிப்படைச் சம்பளம் 6 லட்சம் ரூபாய்க்கு மேல இருக்கிறவங்களை அதோட பெரும்பாலான பகுதிக்கு வெளிய வச்சாங்க. அதாவது மாசம் 50,000 மொரிஷியஸ் ரூபாய். நம்ம ஆளுங்கள்ல சீனியரா வந்தவங்க நிறையப் பேரு அந்தக் கோட்டைத் தாண்டிடுவாங்க, அப்புறம் ஓவர்டைம்ங்கிற பேச்சுக்கே இடமில்ல, எல்லாம் மேனேஜரோட மனசுதான். ஜூனியர் பசங்களுக்கு சட்டம் இருக்கு, ஆனா பெர்மிட் கம்பெனி பேர்ல இருக்கு. வேலை போனா பெர்மிட் என்ன ஆகும், வீட்டு அக்ரிமென்ட் என்ன ஆகும், புள்ள ஸ்கூல் என்ன ஆகும்னு நினைச்சுப் பார்க்கிற பையன் எந்த ஆபீஸ் வாசல்ல போய் புகார் குடுப்பான்? நீங்க ஒரு தடவைகூட பெர்மிட்டைக் காட்டி மிரட்டினதில்லன்னே வச்சுக்கலாம், நிறையப் பேரு மிரட்ட மாட்டீங்க, அது எனக்குத் தெரியும். ஆனா மிரட்டாமலே அந்த பயம் அங்க இருக்கு. "ரினியூவல் வருதுல்ல, நான் பார்த்துக்கறேன், நீ கவலைப்படாதே"ன்னு நீங்க ஆறுதலா சொல்றதுகூட எங்க காதுல வேற மாதிரிதான் விழுது.

இப்ப கொஞ்சம் பழசைப் பேசணும், கோச்சுக்காதீங்க.

இந்தத் தீவுக்கு நாம முதல்ல வந்த ஆளுங்க இல்ல. 1834 நவம்பர் 2-ம் தேதி அட்லஸ் கப்பல்ல இந்தியாவுலேர்ந்து கூலி ஒப்பந்தத்துல ஆளுங்க வந்து இறங்கினாங்க, அந்தத் தேதி இன்னிக்கும் இங்க அரசு விடுமுறை, நமக்கும் லீவு கிடைக்குது. அப்புறம் வருஷக்கணக்கா வந்த கப்பல்கள்ல மெட்ராஸ் பக்கத்து ஆளுங்களும் ஏராளம். அவங்க இருந்த கரும்புத் தோட்டங்கள்ல டபுள் கட்னு ஒரு முறை இருந்துச்சு, ஒரு நாள் வேலைக்கு வரலன்னா ரெண்டு நாள் கூலிய வெட்டுவாங்க. அந்தக் கஷ்டத்தை ஏசி ரூம்ல உக்காந்து வேலை பார்க்கிற நம்ம கஷ்டத்தோட சேர்த்துப் பேச எனக்கு மனசு வராது, ரெண்டும் ஒண்ணு இல்ல. ஆனா ஒரு விஷயம் எனக்கு உறுத்துது. துரைக்கும் ஆளுங்களுக்கும் நடுவுல இங்க ஒரு சர்தார் இருந்தார். அவரும் இந்தியாவுலேர்ந்து வந்தவர்தான், ஆளுங்களோட பாஷை பேசுறவர்தான், சில சமயம் அவங்களை ஊர்லேர்ந்து கூட்டிட்டு வந்ததே அவர்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துலயும் மலாயா ரப்பர் தோட்டத்துலயும் அவருக்குப் பேரு கங்காணி. சொந்த ஊர்ல, சொந்தக்காரங்க நடுவுல ஆள் சேர்ப்பார், வழிச்செலவுக்கு முன்பணம் குடுப்பார், காலைல எத்தனை பேர் வேலைக்கு இறங்குறாங்களோ அதைப் பொறுத்து அவருக்குத் தலைக்காசு. ஆளுங்க அவரைத் துரைன்னு பார்க்கல, பெரியவர்னு பார்த்தாங்க. அந்த மரியாதையாலதான் அந்தத் தோட்டங்கள் அவ்வளவு காலம் சத்தமில்லாம ஓடுச்சு.

உங்களைத் திட்ட இதைச் சொல்லல. உங்க தலைமேலயும் ஒருத்தர் இருக்கார், அவருக்கு மார்ஜின் வேணும், கிளையண்ட்டுக்கு ராத்திரி ஒம்பது மணிக்கு ஆள் வேணும், ஆனா ரெண்டாவது ஷிஃப்ட்டுக்கு பட்ஜெட் குடுக்க மாட்டார், "உங்க டீமை நீங்க மேனேஜ் பண்ணிக்கோங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடுவார். நீங்க எங்களைப் பார்க்கிறீங்க. பாஷை ஒண்ணு, ஊரு ஒண்ணு, கேட்டா செய்வாங்க. அந்த இடத்துல வச்சு நசுக்கப்படுறது நீங்களும்தான், உங்க வீட்லயும் ராத்திரி சாப்பாடு ஆறிப்போய்தான் இருக்கு. ஆனா அந்த பட்ஜெட்டை மேல போய் கேக்கக்கூடிய இடத்துல இருக்கிறது நீங்க மட்டும்தான். நாங்க ராத்திரி ஒம்பது மணி வேலைய சும்மா செஞ்சு குடுக்கிற வரைக்கும் ரெண்டாவது ஷிஃப்ட் தேவைன்னு மேல யாருக்கும் தெரியவே தெரியாது. எக்ஸெல் ஷீட்ல எல்லாம் பச்சையாத்தான் இருக்கும்.

அஞ்சலை கூப்பனைப் பத்தியும் சொல்லணும். பெல் வூ ஹாரெல் எஸ்டேட்ல 1943 செப்டம்பர் 27-ம் தேதி, கூலி கேட்டு வேலைநிறுத்தம் பண்ணின தொழிலாளிங்க மேல போலீஸ் சுட்டப்போ செத்தவங்கள்ல ஒரு தமிழ்ப் பொண்ணு, மாசமா இருந்தா. வடக்குப் பக்கம் போற வழியில அவங்க பேர்ல ஸ்டேடியமே இருக்கு, நம்ம ஆபீஸ் ஆளுங்க அங்க மேட்ச் பார்க்கப் போவாங்க, பேரு யாருதுன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. இந்த ஊர்ப் பொண்ணு அஞ்சு மணிக்கு பையைத் தூக்கிட்டு தைரியமா கிளம்புதே, அந்த தைரியம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? அதோட பாட்டியும் பூட்டனும் கேட்டு வாங்கின நேரம் அது. சோம்பேறித்தனம்னு நாம பேரு வைக்கக் கூடாது. நம்ம பக்கமும் ஆளு இல்லாம இல்ல, 1923-ல சிங்காரவேலர் மெட்ராஸ் கடற்கரைல மே தினம் கொண்டாடினாரே, 8 மணி நேர வேலைங்கிறது நமக்கும் யாரோ போராடி வாங்கிக் குடுத்ததுதான்.

லீவு விஷயத்துக்கு வர்றேன், இதுல எனக்குக் கோவம் அதிகம்.

சட்டப்படி வருஷத்துக்கு 20 நாள் லீவு, அது போக இன்னும் 2 நாள். ஊருக்குப் போகணும்னா அதைச் சேர்த்து வச்சுத்தான் போக முடியும், டிக்கெட் விலையைப் பார்த்தா வருஷத்துக்கு ஒரு தடவைதான் குடும்பத்தோட போக முடியும். லீவ் அப்ரூவ் பண்ணும்போதே நீங்க சொல்ற ஒரு வாக்கியம் இருக்கு, "லேப்டாப்பை கையில வச்சுக்கோ, எமர்ஜென்சின்னா மட்டும்தான் கூப்பிடுவோம்." அந்த எமர்ஜென்சி எப்பவும் வரும். தங்கச்சி கல்யாணத்துல மண்டபத்து மாடிப்படில உக்காந்து ரிலீஸ் செக் பண்ணின பையன் எங்க டீம்ல இருக்கான். அப்பா காரியத்துக்குப் போனவனுக்கு பதினாறாம் நாள் முடியறதுக்குள்ள "எப்ப ஆன்லைன் வருவே"ன்னு மெசேஜ் போச்சு. ஒருத்தர் இல்லன்னா வேலை நின்னுடும்னா அது அவர் திறமையோட பெருமை கிடையாது, பேக்கப் ஆள் போடாத மேனேஜ்மென்ட்டோட குறை. ஊர்ல வயசான அப்பா அம்மா அந்த ரெண்டு வாரத்துக்காக வருஷம் பூரா காத்திருக்காங்க, அவங்க முன்னாடி நாங்க ஹெட்செட்டை மாட்டிட்டு ரூம் கதவைச் சாத்துறோம்.

காவடியும் அப்படித்தான். உலகத்துல தைப்பூசத்துக்கு நாடு முழுக்க அரசு விடுமுறை விடுற ஊரு இது, நம்ம சொந்த நாட்லகூட நாடு முழுக்கக் கிடையாது. இந்த ஊர்த் தமிழ் ஆளுங்க பத்து நாள் விரதம் இருக்காங்க, கோர் த கார்த் மலைக்கோயில் படிக்கட்டுல காவடி ஏறுறதைப் பார்த்தா நம்ம பக்கத்து ஆளுக்கு கண்ணு கலங்கும், தமிழ் பேசத் தெரியாத பையன் அரோகரா சொல்லிட்டுப் போவான். அன்னிக்கு பிரான்ஸ்ல லீவு இல்ல, இந்தியா ஆபீஸ்லயும் பெரும்பாலும் இல்ல. கவரேஜுக்கு ஆள் வேணும். அது புரியுது, ஒத்துக்கறேன். ஆனா ரோஸ்டர்ல பேரு போடும்போது யாரு பேரு வருது? இந்த ஊர்த் தமிழ் ஆளுகிட்ட கேக்க முடியாது, அவங்க பண்டிகை. வேற மதத்து ஆளுகிட்ட கேட்டா ரெண்டு மடங்கு சம்பளம் கேப்பாங்க. ஆக நம்ம ஆளு. முருகனைக் கும்பிட்டு வளர்ந்தவன் காவடி அன்னிக்கு ஆபீஸ்ல உக்காந்து டிக்கெட் க்ளோஸ் பண்றான், அதுக்கு காம்ப் ஆஃப் (பதிலுக்கு ஒரு நாள் லீவு) கேட்டா "அடுத்த மாசம் பார்க்கலாம்டா".

புயல் நேரத்தைப் பத்தியும் சுருக்கமா சொல்லிடுறேன். 2024 ஜனவரி 15 பெலால் புயல் அன்னிக்கு போர்ட் லூயிஸ்ல கார்கள் தண்ணில அடிச்சிட்டுப் போனதை எல்லாரும் பார்த்தோம், காலைல வேலைக்குப் போன ஜனங்க நடு வழில மாட்டினாங்க. வீட்லேர்ந்து வேலைங்கிறது வந்த பிறகு, புயல் எச்சரிக்கை 3-ம் வகுப்பு போட்டு ஊரே கதவடைச்சிருக்கும்போதும் "நெட் இருக்கா"ங்கிற கேள்வி வருது. "பத்திரமா இருக்கியா"ங்கிறது அதுக்கப்புறம்தான் வருது. அந்த ரெண்டு கேள்வியோட வரிசைய மட்டுமாவது மாத்துங்க.

வீட்டு நிலைமைய நான் விளக்கிச் சொல்லத் தேவையில்ல, ஆனாலும் பொம்பளைங்க சார்பா ஒரு வார்த்தை. ஊர்ல இருந்தா பாட்டி இருப்பாங்க, அத்தை இருப்பாங்க, எதிர்வீட்டு அக்கா ஒரு மணி நேரம் புள்ளையப் பார்த்துக்கும். இங்க யாரும் இல்ல. ஏழரை மணி கால்ல நான் ம்யூட் போட்டுட்டுத்தான் குக்கரை இறக்குறேன். எம் பொண்ணு ஹெட்செட் மாட்டியிருந்தா பேசக்கூடாதுன்னு கத்துக்கிட்டா, ஏதாவது வேணும்னா பேப்பர்ல எழுதிக் காட்டுறா. உங்க வீட்லயும் புள்ளைங்க இதையேதான் கத்துக்கிட்டு இருக்கும், வேணும்னா இன்னிக்கு ராத்திரி கவனிச்சுப் பாருங்க.

கிளையண்ட் ஒத்துக்க மாட்டாங்கன்னு சொல்லாதீங்க. அந்த கிளையண்ட்டோட நாட்லதான் வேலை நேரம் முடிஞ்சா தொடர்பைத் துண்டிச்சுக்கற உரிமையைச் சட்டத்துல கொண்டு வந்தாங்க, 2017 ஜனவரி 1-லேர்ந்து அமல்ல இருக்கு, 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற கம்பெனி இதைத் தொழிலாளிங்களோட உக்காந்து பேசியே ஆகணும். வாரத்துக்கு 35 மணி நேரம்ங்கிறதும் அவங்க சட்டம். இதோட அருமை அவங்களுக்குத் தெரியாதா? எங்க டீமுக்கு பாரிஸ் நேரம் நாலு மணிக்கு மேல வந்தது நாளைக்குத்தான்னு ஒரு வரி எழுதிப் போட்டா அவங்க புரிஞ்சுக்குவாங்க. நிஜமாவே அவசரம்னா அதுக்கு ஆன்கால் ஆள் ஒருத்தர், முறை வச்சு, காசோட. நாம எழுதிக் கேட்டே பார்க்கல. கேக்காமலே "அவங்க கோச்சுக்குவாங்க"ன்னு முடிவு பண்ணிட்டு எங்க தலைல கட்டிட்டோம்.

அதனால நான் கேக்கிறது இதுதான். ராத்திரி வேலை வேணும்னா ரோஸ்டர்ல பேரு போட்டு, ஷிஃப்ட்டா, அலவன்ஸோட கேளுங்க, செய்றோம். அந்த ரோஸ்டர்ல நம்ம ஆளு, இந்த ஊர் ஆளு ரெண்டு பேரும் சமமா வரணும். சட்டத்துக்கு வெளிய இருக்கிற சீனியர்களுக்கும் காம்ப் ஆஃப் எழுத்துல குடுங்க. லீவுல போறவங்ககிட்டேர்ந்து லேப்டாப்பை வாங்கி லாக்கர்ல வைங்க, ஒவ்வொருத்தருக்கும் பேக்கப் யாருன்னு லீவ் அப்ரூவலுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க. பெர்மிட் ரினியூவல் பேச்சு எச்ஆர் மூலமா மட்டும் வரட்டும், அப்ரைசல் பேசுற அதே ரூம்ல வேணாம். ராத்திரி பதினோரு மணிக்கு மெயில் போட்டவனை மறுநாள் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் பாராட்டாதீங்க, அந்தப் பாராட்டு மத்த பன்னெண்டு பேருக்கும் உத்தரவு மாதிரி கேக்குது. முடியாதுன்னு சொன்ன ஆள்கிட்ட அடுத்த நாள் மூஞ்சியத் திருப்பிக்காதீங்க, இது எழுத்துல வர்ற விஷயம் இல்ல, ஆனா இதுதான் எல்லாத்தை விடவும் முக்கியம்.

எங்க வீட்டு விசேஷத்துக்கு வாங்க, உங்க வீட்டுப் பொங்கலுக்கு எங்களைக் கூப்பிடுங்க, ஞாயித்துக்கிழமை ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் பீச்ல பிரியாணி டப்பாவோட எல்லாரும் சேர்ந்து உக்காருவோம், புள்ளைங்க விளையாடட்டும். அண்ணன் தம்பி உறவு அங்க இருக்கட்டும். ஆபீஸ்ல மேனேஜரா இருங்க, நாங்க எம்ப்ளாயியா இருக்கோம்.

அக்டோபர் கடைசி ஞாயிறு பிரான்ஸ்ல கடிகாரம் மாறும். அதுக்கு முன்னாடி ரெண்டு ஷிஃப்ட்டுக்கு ஒரு ரோஸ்டர் போட்டு டீம் முன்னாடி வைங்க, மேல பட்ஜெட் கேட்டு மெயில் போடும்போது எங்க டைம்ஷீட்டை உண்மையான நேரத்தோட இணைச்சு அனுப்புங்க, நாங்க இந்த வாரத்துலேர்ந்தே ராத்திரி கால் நேரத்தையும் சேர்த்து எழுத ஆரம்பிக்கறோம், அதைத் திருத்தச் சொல்லாதீங்க. எம் பேரை காலை 8 மணி ஷிஃப்ட்ல போட்டுக்கோங்க. 12 மணி ஷிஃப்ட் எடுத்துக்கறேன்னு இப்பவே ரெண்டு பசங்க சொல்லியிருக்காங்க, மத்தவங்ககிட்ட நீங்களே நேர்ல கேளுங்க.

இப்படிக்கு,
எபென்ல வேலை பார்க்கிற உங்க டீம் ஆளு ஒருத்தி